இரண்டாவது நாற்காலி – 9: பதினெட்டு நாள் வேட்பாளர்

போன வாரம் 1944 சிகாகோ மாநாட்டைப் பார்த்தோம். ரூஸ்வெல்ட்டின் உடம்பு இன்னொரு நான்கு வருடம் தாங்காது என்று கட்சிப் பெருந்தலைகளுக்குத் தெரிந்திருந்தது. துணை அதிபரைத் தேடுகிற சாக்கில் அவர்கள் அடுத்த அதிபரையே தேடினார்கள். நிதானமாகக் கூடிப் பேசி, காய் நகர்த்தி, ட்ரூமனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 28 வருடம் கழித்து அதே ஜனநாயகக் கட்சி அதே நாற்காலிக்கு ஆள் தேடியது. இந்த முறை பெருந்தலைகள் யாரும் பக்கத்தில் இல்லை, நேரமும் இல்லை.

1972 ஜூலை 13, வியாழக்கிழமை. இடம், ஃபுளோரிடாவின் மயாமி பீச். முந்தைய இரவுதான் தெற்கு டகோட்டா செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் கட்சியின் அதிபர் வேட்பாளராகத் தேர்வாகியிருந்தார். துணை அதிபர் வேட்பாளர் யார் என்று மாலை 4 மணிக்குள் மாநாட்டுக்குச் சொல்லியாக வேண்டும். மூன்றரை மணி ஆகியும் ஆள் முடிவாகவில்லை.

மெக்கவர்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அவர்மேல் எனக்குக் கோபமும் உண்டு, பரிவும் உண்டு. மதபோதகரின் மகன். இரண்டாம் உலகப் போரில் பி-24 குண்டுவீச்சு விமானத்தை 35 முறை எதிரி வானத்துக்குள் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தவர். பிறகு வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கி, பேராசிரியராகி, அரசியலுக்கு வந்தார். கென்னடி ஆட்சியில் ‘அமைதிக்கான உணவு’த் திட்டத்தின் இயக்குநர். அறுபதுகளில் ரேஷன் வரிசையில் நின்று பி.எல்.480 கோதுமை வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கோதுமையைக் கப்பலேற்றிய திட்டம்தான் அது. வியட்நாம் போரை முதலிலிருந்தே எதிர்த்த சிலரில் ஒருவர். போரை வெறுத்த கல்லூரி மாணவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி அவரை வேட்பாளராக்கினார்கள்.

அவரை வேட்பாளராக்கிய இன்னொரு விஷயம், அவரே எழுத உதவிய சட்டதிட்டம். 1968 சிகாகோ மாநாட்டின்போது போர் எதிர்ப்பாளர்கள்மேல் விழுந்த தடியடிக்குப் பிறகு, மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைத் திருத்த ஒரு குழு போட்டார்கள். அதன் முதல் தலைவர் மெக்கவர்ன். பெண்கள், கறுப்பின மக்கள், இளைஞர்கள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். அதுவரை கதவைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள் வெளியே போனார்கள். சிகாகோ மேயர் டேலியின் அணிக்கே 1972 மாநாட்டில் இடம் கிடைக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் மீனி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விதிகள் நியாயமானவை என்றே நான் நினைக்கிறேன். ஆனால், “இந்த ஆளைப் பற்றி அவன் ஊரில் ஒரு மாதிரியாகப் பேசிக்கொள்கிறார்கள், வேண்டாம்” என்று காதோடு காதாகச் சொல்லக்கூடிய பழந்தின்னிகளும் அந்த விதிகளோடு சேர்ந்து வெளியேறிவிட்டார்கள்.

ஜூன் 6-ந் தேதி கலிஃபோர்னியாவில் ஜெயித்தபோதே மெக்கவர்னுக்குப் பாதை தெளிந்துவிட்டது. அன்றிலிருந்து மாநாட்டுக்கு ஐந்து வாரம் இருந்தது. துணை வேட்பாளரைப் பற்றி யோசிக்கத் தாராளமான நேரம். அந்த ஐந்து வாரமும் எங்கே போயின?

பாதி, சண்டையில் போயிற்று. கலிஃபோர்னியாவின் 271 பிரதிநிதிகளும் ஜெயித்தவருக்கே என்பது அன்றைய மாநில விதி. தோற்ற கோஷ்டிகள் ஒன்று சேர்ந்து, வாக்கு விகிதப்படி பங்கு வேண்டும் என்று கிளப்பி, 151 பேரைப் பறித்துவிட்டார்கள். அவர்களைத் திரும்பப் பெறும் வரை மெக்கவர்ன் ஆட்களுக்கு வேறு எதிலும் கவனமில்லை. மாநாட்டின் முதல் இரவில்தான் அது தீர்ந்தது.

மீதி, செனட்டர் எட்வர்டு (டெட்) கென்னடிக்காகக் காத்திருந்ததில் போயிற்று. டெட் கென்னடி வருவார் என்று மெக்கவர்ன் கடைசி வரை நம்பினார். கென்னடி பல முறை மறுத்தார், நேரிலும் தொலைபேசியிலும். இரண்டு அண்ணன்களைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த குடும்பம். அவர் மறுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மாட்டேன் என்றவர் மனம் மாறுவார் என்று நினைத்துக்கொண்டே மாற்று ஏற்பாடு எதையும் செய்யாமல் இருந்ததுதான் இந்தக் கதையின் முதல் தவறு. பின்னால் நடந்ததெல்லாம் இதன் வட்டி.

வியாழக்கிழமை காலை டோரல் ஓட்டலில் தேர்தல் குழுவினர் ஏறக்குறைய இருபது பேர் கூடினார்கள். பெரும்பாலானவர்கள் இரவு சரியாகத் தூங்காதவர்கள். அவரவர் மனதில் தோன்றிய பெயர்களைச் சொல்ல, பட்டியல் முப்பதைத் தாண்டியது. வெட்டி வெட்டிச் சிறிதாக்கினார்கள். மின்னசோட்டா செனட்டர் வால்டர் மாண்டேலைக் கேட்டார்கள். அந்த வருடம் அவர் தன் செனட் இடத்துக்கே மறுபடி போட்டியிட வேண்டும், வேண்டாம் என்றார். கனெக்டிகட்டின் ஆபிரகாம் ரிபிகாஃப் மறுத்தார். பாஸ்டன் மேயர் கெவின் வைட் சம்மதித்தார், கிட்டத்தட்ட முடிவே ஆகிவிட்டது. ஆனால் வைட் உட்கட்சித் தேர்தலில் மெக்கவர்னுக்கு எதிராக நின்ற செனட்டர் மஸ்கியை ஆதரித்தவர். மாசசூசெட்ஸ் பிரதிநிதிகள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் சார்பாகப் பேசியவர்களில் ஒருவர் ஜான் கென்னத் கால்பிரைத். நேரு காலத்தில் டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த அதே பொருளாதார அறிஞர்தான். அந்த மாநிலத்தின் பெரிய வீட்டுப்பிள்ளை கென்னடிக்கும் வைட் மேல் உற்சாகமில்லை. வைட் பெயர் போயிற்று. மெக்கவர்ன் தன் நண்பர் கேலார்ட் நெல்சனை அழைத்தார். பூமி தினத்தைத் தொடங்கிவைத்த விஸ்கான்சின் செனட்டர். அவரும் மறுத்தார். மறுத்ததோடு இன்னொரு பெயரையும் சொன்னார். மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டன்.

காகிதத்தில் ஈகிள்டனைப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. வயது 42. கத்தோலிக்கர். செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர். தொழிற்சங்கங்களுக்கு வேண்டியவர். போர் எதிர்ப்பாளர், ஆனால் பெருந்தலைகளோடும் பழக்கமுண்டு. 31 வயதில் மாநில அட்டர்னி ஜெனரல், பிறகு துணை ஆளுநர், 1968-ல் செனட்டர். மெக்கவர்னிடம் எதெல்லாம் இல்லையோ அதெல்லாம் இவரிடம் இருந்தது. இருவருக்கும் நெருங்கிய பழக்கம் கிடையாது. ஒரே செனட்டில் உட்கார்ந்தவர்கள், அவ்வளவுதான். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாணத்தில், பந்தலில் நிற்கிற நல்ல பையனைப் பிடித்து மணையில் உட்கார வைப்பார்களே, அப்படித்தான் நடந்தது.

கெடு முடிய ஏறக்குறைய கால் மணி நேரம் இருக்கையில் மெக்கவர்ன் தொலைபேசியில் கேட்டார். நீங்கள் மனம் மாறுவதற்குள் ஒப்புக்கொண்டுவிடுகிறேன் என்றார் ஈகிள்டன், சிரித்துக்கொண்டே. பிறகு பிரசாரப் பொறுப்பாளர்களில் ஒருவரான ஃபிராங்க் மான்கிவிச் ஃபோனை வாங்கினார். பிறகு வெளியே வந்தால் நமக்குச் சங்கடம் தரும்படியான பழைய விவகாரம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் ஈகிள்டன். விசாரணை முடிந்தது. அமெரிக்க அதிபருக்கு ஏதாவது ஆனால் அணு ஆயுதப் பெட்டி யார் கைக்குப் போகும் என்பதைத் தீர்மானித்த நேர்காணல் சில நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஜான் கென்னடி டல்லாஸில் சுடப்பட்டு அப்போது ஒன்பது வருடம்கூட ஆகவில்லை.

அன்று இரவு மாநாட்டில் பிரதிநிதிகள் குஷியாக இருந்தார்கள். முறைப்படியான வாக்கெடுப்பில் ஆளாளுக்கு ஒரு பெயரை முன்மொழிந்தார்கள். மாவோவுக்கு ஓட்டு விழுந்தது, ஆர்ச்சி பங்கர் என்கிற டி.வி. தொடர் பாத்திரத்துக்கும் ஓட்டு விழுந்தது. எல்லாம் முடிந்து மெக்கவர்ன் தன் வாழ்நாளின் சிறந்த உரையைப் பேச எழுந்தபோது அதிகாலை 3 மணியை நெருங்கிவிட்டது. நாடு தூங்கிவிட்டது.

ஈகிள்டன் சொல்லாமல் விட்டது இதுதான். 1960, 1964, 1966 ஆகிய மூன்று வருடங்களில் அவர் மன அழுத்தத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். அதில் இரண்டு முறை மின் அதிர்ச்சி சிகிச்சை. நம் ஊரில் “கரண்ட் வெச்சாங்களாம்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அது. மிசௌரியில் அப்போது வயிற்றுக் கோளாறு என்பது போல ஏதோ சொல்லி மூடியிருந்தார்கள்.

பொய் சொன்னாரா? இதைப் பற்றி இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. லஞ்சம், பெண் விவகாரம், களவு போன்ற கறையைத்தான் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன், நோய் எப்படிக் கறையாகும் என்பது ஈகிள்டன் தரப்பு வாதம். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தன் சொந்த மாநிலத்து வாக்காளர்களிடமே வேறு காரணம் சொல்லி மறைத்தவருக்கு, கேள்வியின் உள்ளர்த்தம் புரியாமல் போயிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. புரிந்தது, தப்பித்துவிடலாம் என்று நினைத்தார். 42 வயது அரசியல்வாதிக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வாழ்நாளில் ஒருமுறை வருவது. கேட்டவர்மேலும் குற்றம் உண்டு. ஒரு மனிதனிடம் அவனுடைய பத்து வருட மருத்துவ வரலாற்றைக் கெடு முடிகிற நேரத்தில், நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு, ஒற்றைக் கேள்வியில் கேட்டால் என்ன பதில் வரும்?

சில நாட்களிலேயே பெயர் சொல்லாத ஒருவர் மெக்கவர்ன் அலுவலகத்துக்கும் ‘டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்’ பத்திரிகைக்கும் ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னார். அந்தப் பத்திரிகையை நடத்திய நைட் குழுமத்தின் நிருபர்கள் ராபர்ட் பாய்டும் கிளார்க் ஹாய்ட்டும் தோண்டினார்கள். கையில் கிடைத்ததை உடனே அச்சிடாமல் மெக்கவர்ன் தரப்பிடம் கொண்டுபோய்க் காட்டி விளக்கம் கேட்டார்கள். அவர்கள் அச்சேற்றுவதற்குள் விஷயத்தைத் தாங்களே சொல்லிவிடலாம் என்று வேட்பாளர்கள் முடிவெடுத்தார்கள். நிருபர்கள் கையிலிருந்த செய்தி இப்படிப் பறிபோனது. மறு வருடம் அவர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. முந்தித் தருவதற்காக விசாரிக்காமல் போடுகிறவர்கள் இந்த இருவரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 25. தெற்கு டகோட்டாவின் கறுப்பு மலைத்தொடரில் சில்வன் லேக் விடுதி. மெக்கவர்ன் ஓய்வுக்கு வந்திருந்த இடம். அங்கே நிருபர்கள் முன்னால் ஈகிள்டன் எல்லாவற்றையும் சொன்னார். நரம்புத் தளர்ச்சி, அசதி என்று தொடங்கியவர், மின் அதிர்ச்சி சிகிச்சையையும் ஒப்புக்கொண்டார். பக்கத்தில் நின்ற மெக்கவர்ன், இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தாலும் இவரைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன் என்றார். அடுத்த நாள் இன்னும் ஒரு படி மேலே போய், ஈகிள்டனுக்குத் தன் ஆதரவு ஆயிரம் சதவீதம் என்று அறிவித்தார்.

நூறு சதவீதம் என்று சொல்லியிருந்தால்கூட ஜனங்கள் மறந்திருப்பார்கள். ஆயிரத்தை யாரும் மறக்கவில்லை.

பணம் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’, ‘வாஷிங்டன் போஸ்ட்’ இரண்டும் ஈகிள்டன் விலக வேண்டும் என்று எழுதின. இதற்கிடையில் ஜாக் ஆண்டர்சன் என்கிற பிரபல பத்தியாளர், ஈகிள்டன் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பல முறை பிடிபட்டவர் என்று வானொலியில் சொல்லிவிட்டார். அது பொய். ஆதாரம் எதுவும் அவர் கையில் இல்லை. பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஆண்டர்சனின் பொய்க்குப் பிறகு ஈகிள்டனுக்குத் தெம்பு வந்தது. ஊர் ஊராகப் போனார், கூட்டம் கைதட்டியது, விலக மாட்டேன் என்றார்.

மெக்கவர்ன் என்ன செய்திருக்க வேண்டும்? ஈகிள்டனைத் தனியே அழைத்து, உன்னால் முடியும், இரு, அல்லது முடியாது, விலகு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும். அவர் செய்தது, ஜூலை 28 இரவு அதே விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நிருபர்கள் உட்கார்ந்திருந்த மேசை மேசையாகப் போய், ஈகிள்டன் தானாகவே விலகினால் நல்லது என்று புரியும்படி ஜாடைமாடையாகப் பேசியது. ஈகிள்டன் அதை மற்றவர்கள் வாயால் கேட்க வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கட்சித் தலைவி ஜீன் வெஸ்ட்வுட் தொலைக்காட்சியில் அதையே வெளிப்படையாகச் சொன்னார். ஆயிரம் சதவீதம் ஐந்தே நாளில் கரைந்துவிட்டது.

ஜூலை 31 மாலை செனட் கட்டடத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஈகிள்டனுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்களிடம் மெக்கவர்ன் தொலைபேசியில் பேசினார். இரவு, விலகல் அறிவிப்பு. பதினெட்டு நாள்.

காலியான நாற்காலிக்கு இப்போது ஆளே இல்லை. கென்னடியை மறுபடி கேட்டார்கள். முன்னாள் துணை அதிபர் ஹம்ஃப்ரியைக் கேட்டார்கள். ரிபிகாஃப், ஃபுளோரிடா ஆளுநர் அஸ்க்யூ, மஸ்கி, வரிசையாக மறுத்தார்கள். கடைசியில் கென்னடிகளின் மைத்துனர், அமைதிப் படையின் முதல் இயக்குநர் சார்ஜென்ட் ஷ்ரைவர் சரி என்றார். நல்ல மனிதர், கலகலப்பானவர். ஆனால் அதற்குள் அந்த வேட்பாளர் பதவி கேலிப்பொருளாகிவிட்டது.

நவம்பர் 7 முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிக்சனுக்கு 49 மாநிலம், மெக்கவர்னுக்கு மாசசூசெட்ஸ் மட்டும். கூடவே தலைநகர் வாஷிங்டன். தேர்வர் வாக்குகள் 520-க்கு 17. ஈகிள்டன் விவகாரம் இல்லாவிட்டால் மெக்கவர்ன் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருடம் நிக்சனை யாராலும் தோற்கடித்திருக்க முடியாது. ஆனால் மெக்கவர்னிடம் இருந்த ஒரே முதலீடு, இவர் மற்ற அரசியல்வாதிகள் மாதிரி இல்லை, சொன்ன சொல் மாறாதவர் என்கிற பெயர். அது ஐந்து நாளில் போயிற்று. ஜூன் 17-ந் தேதியே வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் நிக்சன் தரப்பு அனுப்பிய திருடர்கள் பிடிபட்டிருந்தார்கள். நிக்சன் ஆட்சி ஊழல் ஆட்சி என்று மெக்கவர்ன் தொண்டை வறளக் கத்தியபோது, அந்தக் குரலுக்கு மதிப்பு குறைந்திருந்தது.

இதே தேர்தலில் எதிரணியின் துணை அதிபர் வேட்பாளர் யார் என்று பாருங்கள். ஸ்பைரோ அக்னியு. மேரிலாந்தில் பதவியில் இருந்தபோது ஒப்பந்தக்காரர்களிடம் கமிஷன் வாங்கியவர். துணை அதிபரான பிறகும் அந்தப் பணம் அவருக்கு வந்துகொண்டிருந்தது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 1973 அக்டோபர் 10-ந் தேதி வரி ஏய்ப்பு வழக்கில் எதிர்வாதம் செய்யாமல் பதவியை ராஜினாமா செய்தார். அடுத்த ஆகஸ்டில் நிக்சனும் போனார். 49 மாநிலங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பேருமே இரண்டு வருடத்துக்குள் பதவியில் இல்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டவர் தகுதியற்றவர் ஆனார், கமிஷன் வாங்கியவர் மறுபடியும் துணை அதிபர் ஆனார்.

ஈகிள்டன் பைத்தியமும் ஆகவில்லை, ஒடிந்தும் போகவில்லை. மிசௌரி மக்கள் 1974-லும் 1980-லும் அவரைத் திரும்பவும் செனட்டுக்கு அனுப்பினார்கள். கம்போடியா மீது குண்டு போடப் பணம் தரக்கூடாது என்று 1973-ல் அவர் கொண்டுவந்த திருத்தம், அந்தக் குண்டுவீச்சை நிறுத்தியதில் முக்கியமானது. இன்று செயின்ட் லூயிஸில் மத்திய நீதிமன்றக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். அதே நோய் மெக்கவர்னின் வீட்டுக்குள்ளும் இருந்தது. அவர் மகள் டெரி மன அழுத்தத்தோடும் குடியோடும் வருடக்கணக்கில் போராடியவர். 1994 டிசம்பரில் அவர் பனியில் உறைந்து இறந்தார். தந்தை அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஈகிள்டனை வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் மெக்கவர்ன் சொன்னார்.

அமெரிக்கக் கட்சிகள் பாடம் படித்தன. 1976-ல் ஜிம்மி கார்ட்டர் தன் ஜார்ஜியா கிராமமான பிளெய்ன்ஸுக்கே ஆட்களை வரவழைத்து, உட்கார வைத்துப் பேசினார். அவருடைய வழக்கறிஞர் நண்பர் சார்லஸ் கிர்போ பின்னணி விசாரித்தார். தேர்வானவர், நான்கு வருடம் முன்பு மெக்கவர்னுக்கு மாட்டேன் என்ற அதே மாண்டேல். இன்று துணை வேட்பாளர் ஆக விரும்புகிறவர் வரிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, பழைய பேச்சு எல்லாவற்றையும் வழக்கறிஞர் படையிடம் ஒப்படைக்க வேண்டும். கமலா ஹாரிஸும் 2020-ல் அந்தச் சல்லடைக்குள் புகுந்து வந்தவர்தான். சல்லடையிலும் ஓட்டை உண்டு. 1984-ல் ஜெரால்டின் ஃபெராரோவின் கணவருடைய வரிக் கணக்கு கிளப்பிய புயல் ஒரு சாட்சி. அதை வேறொரு வாரம் எழுதுகிறேன்.

இந்த அத்தியாயத்தில் ஒரு பாக்கி இருக்கிறது. 1972 ஏப்ரலில் ராபர்ட் நோவாக் என்கிற பத்தியாளர் ஒரு செய்தி எழுதினார். மெக்கவர்ன் போருக்குப் போகாமல் ஓடியவர்களுக்கு மன்னிப்பு, கருக்கலைப்பு, கஞ்சாவுக்கு அனுமதி ஆகியவற்றை ஆதரிப்பவர், இது நடுத்தட்டுக் கத்தோலிக்கர்களுக்குத் தெரிந்தால் அவர் தொலைந்தார் என்று பெயர் சொல்ல விரும்பாத ஜனநாயகக் கட்சி செனட்டர் ஒருவர் கூறியதாக அதில் இருந்தது. குடியரசுக் கட்சி அதைப் பிடித்துக்கொண்டு மெக்கவர்னைத் தேர்தல் முழுக்க அடித்தது. அந்த செனட்டரை நோவாக்கே கற்பனை செய்துவிட்டார் என்றுகூடப் பலர் சந்தேகப்பட்டார்கள். 35 வருடம் அவர் வாயைத் திறக்கவில்லை. 2007 மார்ச்சில் அந்த செனட்டர் இறந்துபோனார். அதன் பிறகுதான் நோவாக் பெயரை வெளியிட்டார். அவர் தாமஸ் ஈகிள்டன்.

(தொடரும்)